சிக்ஸ்த் ஃபோர்ம் பிள்ளையள் ஒரு டேர்முக்குள்ள செய்யிறதுகளை நாங்கள் பாக்கிறமோ?

ஹாரோ_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். மகள் இப்ப இயர் 12, இங்க லண்டன்ல ஒரு ஸ்டேட் ஸ்கூல் சிக்ஸ்த் ஃபோர்ம்ல (ஏ லெவல் படிக்கிற கடைசி ரெண்டு வருசம், இயர் 12, 13) பயோலஜி, கெமிஸ்ட்ரி, மெத்ஸ் செய்யிறா. கிறிஸ்மஸ் லீவு விடேக்க ஸ்கூல்ல இருந்து அந்த டேர்முக்கான நியூஸ்லெட்டர் வந்தது, சிக்ஸ்த் ஃபோர்முக்கெண்டே தனிப் பக்கங்கள். காலமை வெள்ளன வந்து இயர் 7 பிள்ளையளோட இருந்து வாசிக்கிறது, ஃபூட் பாங்குக்கு சாமான் சேர்த்தது, டிபேட்டிங், தீபாவளிக்கு வாசல்ல பெரிய கோலம் போட்டது, நவம்பர்ல போர்ல செத்தவையை நினைக்கிற ரிமெம்பரன்ஸ் அசெம்பிளியை இயர் 13 பிள்ளையளே எழுதி நடத்தினது, இப்பிடி நிறைய. 16, 17 வயசில ஏ லெவல் படிப்புக்கு நடுவில இவ்வளவும் செய்திருக்குதுகளே எண்டு வாசிக்க வாசிக்க மனம் நிறைஞ்சு போச்சு.

ஆனா சொந்தக்காரர் ஆரைக் கண்டாலும் ஒரே கேள்விதான், "மொக்ல என்ன கிரேட்?" (மொக் எண்டா ஸ்கூல் வைக்கிற முன்னோட்டப் பரீட்சை.) மகள் ரீடிங் மென்டரா இருக்கிறா எண்டு சொல்ல வெளிக்கிட்டா "உதெல்லாம் என்னத்துக்கு, படிக்கிற நேரமெல்லோ போகுது" எண்டு கதை முடிஞ்சிடும். அவ பக்கத்தில நிண்டு அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறா. இப்ப ஸ்டூடண்ட் லீடர்ஷிப் டீமுக்கு அப்ளை பண்ணப்போறன் எண்டு நிக்கிறா, அதுக்கு லெட்டர் எழுதோணும், இயர் குரூப்புக்கு முன்னால ஸ்பீச் குடுக்கோணும், பிறகு இன்டர்வியூவும் இருக்கு. செய்யட்டும் எண்டுதான் என்ட மனம் சொல்லுது. உங்கட பிள்ளையள் என்ன செய்யினம், அதால அவைக்கு என்ன வந்தது எண்டு கொஞ்சம் விவரமா எழுதுங்கோ.

ஈஸ்ட்ஹாம்_அப்பா

தங்கச்சி, நான் நேராச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. யூனிவர்சிட்டி ஆஃபர் லெட்டர்ல என்ன எழுதியிருக்கும்? கிரேட்தான் எழுதியிருக்கும். மெடிசினுக்கு எண்டா வழமையா மூண்டு ஏ, அதோட யூகெட் எண்ட மெடிசின் என்ட்ரன்ஸ் எக்ஸாம். ஓகஸ்ட்ல ரிசல்ட் வரேக்க ஒரு கிரேட் குறைஞ்சா, நீ ஃபூட் பாங்குக்கு எத்தினை பெட்டி தூக்கினாய் எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். இயர் 11 முடிவில எழுதிற ஜிசிஎஸ்இல இருந்து ஏ லெவலுக்கு போற பாய்ச்சல் சும்மா இல்லை, இயர் 12 முதல் டேர்ம்தான் கனக்க பிள்ளையள் அடி வாங்கிற இடம். என்ட மகனுக்கு நான் சொன்னது, முதல்ல மூண்டு பாடத்தையும் பிடி, மிச்சம் பிறகு பாப்பம் எண்டுதான்.

கெமிஸ்ட்ரி_சேர்

அண்ணை சொல்லுற பாய்ச்சல் உண்மைதான். நான் கனகாலமா சிக்ஸ்த் ஃபோர்முக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன், ஒக்டோபர் ஹாஃப் டேர்ம் லீவுக்கு முன்னால வாற முதல் டெஸ்ட்ல ஜிசிஎஸ்இல 9 (ஆகக் கூடின கிரேட்) எடுத்த பிள்ளையே முகம் வாடி நிக்கும். ஆனா அந்த வாட்டத்தில இருந்து எழும்புற பிள்ளையள் ஆர் எண்டு பாத்தா, தனிய அறைக்குள்ள பூட்டிக்கொண்டு இருக்கிறவை குறைவு. மற்ற ஆளுக்கு விளங்கப்படுத்துற பழக்கம் உள்ளவைதான் கூட.

எங்கட ஸ்கூல்ல இந்த செப்டம்பர்-டிசம்பர் டேர்ம்ல நடந்ததைச் சொல்லுறன். றோயல் சொசைட்டி ஒஃப் கெமிஸ்ட்ரி நடத்திற ஒலிம்பியாட் இருக்கெல்லோ, முதல் சுற்று ஜனவரியில வரும், ஸ்கூல்லயே இருந்து எழுதலாம். கேள்வியள் சிலபசுக்கு வெளியால இருந்து வரும், ஒரு மருந்தையோ ஒரு புதுப் பொருளையோ எடுத்து, தெரிஞ்ச கெமிஸ்ட்ரியை வச்சு தெரியாததை யோசிக்கச் சொல்லுவினம். செப்டம்பர்ல ரெண்டு இயர் 13 பிள்ளையள் என்னட்ட வந்து, சேர் லாப் அறையை மட்டும் தாங்கோ, கிழமைக்கு ஒருக்கா இயர் 12க்கு நாங்களே படிப்பிக்கிறம் எண்டு கேட்டினம். பழைய பேப்பரை எடுத்து ஒவ்வொரு கேள்வியா போர்ட்ல போட்டு, விடையைச் சொல்லாம, "நீ என்ன நினைக்கிறாய்" எண்டு கேட்டுக் கேட்டு கொண்டு போச்சினம். முதல்ல நாலைஞ்சு பேர்தான் வந்தது, டிசம்பர்ல கதிரை காணாது. நான் பின்வாங்கில இருந்து மார்க் பண்ணிக்கொண்டு கேட்டிருக்கிறன், உண்மையாச் சொல்லுறன், நான் படிப்பிச்சிருந்தா அந்தப் பிள்ளையள் அவ்வளவு துணிஞ்சு பிழை விட்டிருக்காதுகள். அந்த ரெண்டு பேருக்கும் பாட்ஜும் இல்லை பதவியும் இல்லை. எனக்கு லீடர்ஷிப் எண்டா அதுதான்.

மெடிக்கல்_தங்கச்சி

நான் இப்ப மெடிசின் செக்கண்ட் இயர், அதால இதில கொஞ்சம் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். ஈஸ்ட்ஹாம் அங்கிள், கிரேட் இல்லாம கதவு திறக்காது, சரி. ஆனா கதவுக்கு வந்து நிக்கிற எல்லாற்ற கையிலயும் அந்தக் கிரேட் இருக்கு அங்கிள். கன மெடிக்கல் ஸ்கூல்கள்ல எம்எம்ஐ எண்டு சின்னச் சின்ன இன்டர்வியூ வரிசையா நடக்கும், ஒரு ஸ்டேஷன் முடிய அடுத்த ஸ்டேஷன், ஒவ்வொண்டுக்கும் சில நிமிசம்தான். ஒரு ஸ்டேஷன்ல என்னட்ட கேட்டது, நீ இருந்த டீம்ல ஒரு விசயம் சரிவராமப் போன நேரம் நீ என்ன செய்தாய் எண்டு. புத்தகத்தில இதுக்கு விடை இல்லை. நான் இயர் 12ல ஒரு கெயர் ஹோமுக்கு ஞாயிறுகள்ல போறனான், அங்க கிறிஸ்மஸ் கரோல் பாட எங்கட சிக்ஸ்த் ஃபோர்ம்ல இருந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு போக ஒழுங்கு செய்து, கடைசி நேரத்தில அரைவாசிப் பேர் வரேல்ல. அதை எப்பிடிச் சமாளிச்சம் எண்டு சொன்னன். அவை அதிலயே கனநேரம் கேள்வி கேட்டினம்.

இன்னொண்டு, யூனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணிற அமைப்பான யூகாஸுக்கு எழுதிற பெர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 அட்மிஷன்ல இருந்து மாறிட்டுது, முந்தி மாதிரி ஒரே நீளக் கட்டுரை இல்லை. மூண்டு கேள்வி: ஏன் இந்தப் பாடம், உங்கட படிப்பு எப்பிடி உங்களைத் தயார்படுத்தினது, படிப்புக்கு வெளியால என்ன செய்தனீங்கள், அது ஏன் பிரயோசனம். மூண்டுக்கும் சேர்த்து 4000 எழுத்து, ஒவ்வொண்டுக்கும் குறைஞ்சது 350. மூண்டாவது கேள்விக்கு எழுத ஏதும் இருக்கோணுமே அங்கிள், அது ஒரு ராவில வராது.

ரெடிங்_ஐடி

நல்ல இழை, நன்றி ஹாரோ சிஸ்டர். நாங்க தமிழ்நாட்டுல இருந்து வந்து இங்க செட்டில் ஆனவங்க, இந்த சிக்ஸ்த் ஃபார்ம் சிஸ்டமே எங்களுக்குப் புதுசு. நம்ம ஊர் ப்ளஸ் டூல காலைல ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் டெஸ்ட், வேற எதையும் நினைக்கவே விட மாட்டாங்க. இங்க பையனுக்கு நடுவுல ஃப்ரீ பீரியட் எல்லாம் இருக்குன்னு சொன்னப்ப எனக்கு பயமாதான் இருந்தது.

அவன் இபிகியூ எடுத்திருக்கான். தெரியாதவங்களுக்காக சொல்றேன், எக்ஸ்டெண்டெட் ப்ராஜெக்ட், தலைப்பை மாணவனே முடிவு பண்ணணும், ஒண்ணு 5000 வார்த்தை கட்டுரை இல்லன்னா ஏதாவது ஒரு பொருளை செஞ்சுட்டு கூட ஒரு சின்ன ரிப்போர்ட். பாதி ஏ லெவலுக்கு சமம், ஏ ஸ்டார் எடுத்தா 28 யூகாஸ் பாயிண்ட். சௌத்ஆம்ப்டன் மாதிரி சில யூனிவர்சிட்டில இபிகியூல நல்லா எடுத்தா, பாடத்தைப் பொறுத்து, வழக்கமான ஆஃபர்ல ஒரு கிரேட் குறைச்சு கொடுக்கறதும் உண்டு. இவன் எடுத்தது ஆத்துத் தண்ணி மட்டம் அளக்கற ஒரு சின்ன கருவி, ஏன்னா மழை அதிகமானா கெனட் ஆத்தோரம் அவன் சைக்கிள்ல போற பாதைல தண்ணி ஏறிடும், போய் நின்னாதான் தெரியும். ஆர்டுயினோங்கற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ப்ளாஸ்டிக் டப்பா, இவ்வளவுதான். செப்டம்பர்ல நல்லா வேலை செஞ்சது, நவம்பர் குளிர் வந்ததும் சென்சார் முகத்துல நீர் கோத்துகிட்டு தண்ணி இல்லாத இடத்துல தண்ணி இருக்குன்னு காட்ட ஆரம்பிச்சது, பையன் அப்செட், ப்ராஜெக்டே போச்சுன்னு உட்காந்துட்டான். அவங்க சூப்பர்வைசர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது, இதை மறைக்காத, ப்ரொடக்ஷன் லாக்ல (ப்ராஜெக்ட் டைரி) தேதி போட்டு எழுது, ஏன் நடந்தது, என்ன யோசிச்ச, எதை மாத்தின, மார்க்கே அதுக்குதான்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் டப்பாவோட கோணத்தை மாத்தி, சென்சாருக்கு மேல ஒரு மறைப்பு வச்சு, ஒரே ஒரு அளவை நம்பாம பத்து அளவு எடுத்து நடுவுல வர்றதை எடுக்கற மாதிரி ப்ரோக்ராமை மாத்தினான். நான் இருபது வருஷமா சாஃப்ட்வேர்ல இருக்கேன், என் டீம்ல இப்படி தப்பை எழுதி வைக்கற பழக்கம் வர எவ்வளவு பாடுபடறோம்னு எனக்குத் தெரியும், இவன் 17 வயசுல கத்துக்கறான். கடைசில அந்த சப்ஜெக்ட் தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி ப்ரெசென்டேஷன் கொடுக்கணும். வீட்ல அவங்க பாட்டிக்கு வீடியோ கால்ல தமிழ்லயே சொல்லிப் பாத்தான், பாட்டி கேட்ட கேள்வி, "ராத்திரி தண்ணி வந்தா யாருக்குடா சொல்லும்?" அதுக்கப்புறம்தான் மொபைலுக்கு மெசேஜ் அனுப்பற பகுதியை சேர்த்தான்.

டூட்டிங்_சுபா_அக்கா

உங்கட பாட்டியின்ட கேள்வி அருமை தம்பி!

எல்லாரும் சயன்ஸ் பக்கம் கதைக்கிறியள், நான் ஆர்ட் பக்கம் கதைக்கோணும். மகள் இயர் 13, ஏ லெவல்ல ஆர்ட், இங்கிலிஷ் லிட்ரேச்சர், சைக்கொலஜி. ஆர்ட் எண்டு சொன்ன உடனே எங்கட ஆக்கள் முகத்தில வாற பாவனை இருக்கே, எனக்கு இப்பவும் வயிறு எரியும். லேசான பாடம் எண்டு நினைக்கினம். மொத்த மார்க்ஸ்ல 60 வீதம் பெர்சனல் இன்வெஸ்டிகேஷன், பிள்ளையே ஒரு கருவை எடுத்து மாசக்கணக்கா அதுக்குள்ள போகோணும், அதோட 1000 இல இருந்து 3000 சொல்லுக்கு ஒரு எழுத்து வேலையும் இருக்கு. மிச்ச 40 வீதம் எக்ஸாம் போர்ட் தாற தலைப்பு, பெப்ரவரியில பேப்பர் கையில வரும், தயார்படுத்தி கடைசியில 15 மணித்தியாலம் மேற்பார்வைக்குள்ள இருந்து செய்து முடிக்கோணும்.

இவ எடுத்த கரு அம்மம்மாவின்ட தையல். அம்மா ஊரில இருந்து வரேக்க கொண்டு வந்த பழைய நூல்சீலையள், பிளவுஸ் வெட்டின பேப்பர், ஊசிப்பெட்டி எல்லாத்தையும் வச்சு சயனோடைப் பிரிண்ட் செய்தா. அது வெயில்ல நீலமா விழுகிற பழைய ஃபோட்டோ முறை, லண்டன் ஒக்டோபர்ல வெயிலுக்கு எங்க போறது, ஜன்னல் ஓரத்தில சீலைத்துண்டை வச்சுப்போட்டு மணிக்கணக்கா காத்துக்கொண்டு இருப்பா. சனிக்கிழமையில சௌத் கென்சிங்டனுக்கு விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு போய், உள்ளுக்கு போகக் காசில்லைதானே, இந்தியத் துணியளைப் பாத்து ஸ்கெட்ச் பண்ணிக்கொண்டு வருவா. அம்மாவோட இருந்து, இந்தத் தையல் ஆர் படிப்பிச்சது, எந்தச் சீலை எந்தக் கலியாணத்துக்கு, இடம்பெயரேக்க எதை விட்டிட்டு வந்தனீங்கள் எண்டு கேட்டுக் கேட்டு எழுதினா. நான் பெத்த மகள், எனக்கே என்ட அம்மா சொல்லாத கதையள் அந்த ஸ்கெட்ச் புக்குக்குள்ள இருக்கு. டிசம்பர்ல ஸ்கூல்ல டிஸ்ப்ளே வச்சவை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனன், தன்ட பிளவுஸ் பேப்பர் சுவரில தொங்கிறதைப் பாத்து "உதைப் போய் வச்சிருக்கிறாளே" எண்டு சொல்லிப்போட்டு அந்த இடத்தை விட்டு அசையேல்ல. இந்த வேலைக்கு ஆரும் "என்னத்துக்கு" எண்டு கேட்டா நான் இனி விடமாட்டன்.

மில்டன்கீன்ஸ்_அண்ணி

சுபா அக்கா படிச்சிட்டு கண்ணு கலங்கிடுச்சு.

எங்க பொண்ணு யங் என்டர்ப்ரைஸ் கம்பெனி ப்ரோக்ராம்ல இருக்கா. 1960கள் ஆரம்பத்துல இருந்து நடக்கற சாரிட்டி, பசங்க நிஜமாவே ஒரு குட்டி கம்பெனி ஆரம்பிச்சு, எம்டி, ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங்னு ஆளுக்கொரு பொறுப்பு எடுத்து, பொருள் செஞ்சு, நிஜப் பணத்துக்கு விக்கணும். இவங்க செஞ்சது புதுசா செகண்டரி வர்ற இயர் 7 குழந்தைங்களுக்கு ஒரு ப்ளானர், எந்த நாள் எந்த பேக், ஹோம்வொர்க் எப்படி எழுதி வைக்கறது, யார்கிட்ட போய் கேக்கறதுன்னு எல்லாம் போட்டு. ஐடியா நல்லாதான் இருந்தது, ஆனா நடுவுல டீமுக்குள்ள பயங்கர சண்டை, ரெண்டு பேர் மட்டும் வேலை செய்யறாங்க மத்தவங்க சும்மா இருக்காங்கன்னு. இவ எம்டி இல்ல, ஃபைனான்ஸ்தான். இவ என்ன பண்ணினா, யாரையும் குத்தம் சொல்லாம ஒரு ஷீட்ல யார் யார் என்ன வேலை எப்போ முடிக்கணும்னு எழுதி எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வச்சுட்டா, சும்மா இருந்தவங்கள்ல ஒரு பையனுக்கு என்ன பண்றதுன்னே தெரியாமதான் இருந்திருக்கான், அவனுக்கு வரைய வரும்னு தெரிஞ்சதும் அட்டைப்படம் அவன்கிட்ட போச்சு. கிறிஸ்மஸ் ஃபேர்ல போட்ட காசு திரும்பி வந்துடுச்சு, மேல கொஞ்சம் லாபமும். லாபம் கம்மிதான், ஆனா அந்தப் பையன் இப்ப எல்லா மீட்டிங்குக்கும் வர்றான்.

ஈஸ்ட்ஹாம்_அப்பா

எல்லாம் வாசிச்சன். நல்ல பிள்ளையள், ஒருத்தரையும் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா எனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கிற விசயத்தை எழுதுறன்.

என்ட மகன் சனி ஞாயிறு முழுக்க கடையில நிக்கிறான். நான் இரவு வேலை. மனிசிக்கு நடக்கிறது கஷ்டம், ஜிபியிட்ட, ஹொஸ்பிட்டல் அப்போயிண்ட்மெண்டுக்கு எல்லாம் அவன்தான் கூடப்போய் இங்கிலிஷ்ல கதைக்கிறது, கவுன்சிலுக்கு கடிதம் எழுதுறதும் அவன்தான். தங்கச்சியை ஸ்கூல்ல இருந்து கூட்டி வாறதும் அவன். பின்னேரக் கிளப்புக்கு அவன் எப்பிடி நிப்பான்? ஸ்கூல் நியூஸ்லெட்டரை நானும் பாக்கிறன், டியூக் ஒஃப் எடின்பரா கோல்ட் (இளையோருக்கான ஒரு விருது), தியேட்டர் ட்ரிப், பாட்ஜ் குத்தின பிள்ளையள். அதில அவன்ட படம் எண்டைக்கும் வராது. "நீ படிப்பை மட்டும் பார்" எண்டு நான் சொல்லுறது, அவனுக்கு மிஞ்சியிருக்கிற நேரம் அவ்வளவுதான் எண்டபடியாத்தான். அந்தப் பிள்ளை செய்யிறது சாதனைக்குள்ள வராதோ?

கெமிஸ்ட்ரி_சேர்

அண்ணை, இந்த இழையிலயே முக்கியமான கேள்வியை நீங்கள்தான் கேட்டிருக்கிறியள்.

வரும். வரோணும். நியூஸ்லெட்டர்ல வராமப் போறது ஸ்கூலுகளின்ட குறை, கண்ணுக்கு முன்னால நடக்கிறதைத்தான் நாங்கள் படம் எடுக்கிறம். தாயின்ட வருத்தத்தை டொக்டருக்கு விளங்கப்படுத்தி, டொக்டர் சொன்னதைத் தாய் பயப்பிடாத மாதிரி திருப்பிச் சொல்லுற 17 வயசுப் பிள்ளைக்கு இருக்கிற பொறுப்பு ஒரு ஹெட் போய்க்கும் இல்லை. பெர்சனல் ஸ்டேட்மென்ட்ல தங்கச்சி சொன்ன மூண்டாவது கேள்வி இருக்கெல்லோ, வேலை, வீட்டுப் பொறுப்பு, குடும்பத்தில ஆளைப் பாக்கிறது எல்லாத்தையும் அதில எழுதலாம், யூகாஸே அப்பிடித்தான் சொல்லுது. கடையில நிக்கிறதையும் எழுதச் சொல்லுங்கோ, காசு எண்ணி, கோவமா வாற ஆளைச் சமாளிச்சு, ஸ்டொக் பாத்து, அதெல்லாம் வேலை அனுபவம்தான்.

அதை விட முக்கியம், ட்யூட்டரிட்டச் சொல்லோணும் அண்ணை. ஸ்கூல் எழுதிற ரெஃபரன்ஸ்ல பிள்ளையின்ட படிப்பைப் பாதிச்ச சூழ்நிலையைச் சொல்ல ஒரு தனிப் பகுதி இருக்கு. எங்களுக்குத் தெரியாட்டி அதில ஒண்டும் எழுதேலாது, எங்கட ஆக்கள் வீட்டுக் கதை வெளியில போகக்கூடாது எண்டு மறைச்சு வச்சிருக்கிறபடியா எத்தினை பிள்ளையளுக்கு அந்தப் பகுதி வெறுமையாப் போகுது. யங் கெயரர், அதான் வீட்டில ஆளைப் பாக்கிற பிள்ளை எண்டு ஸ்கூல்ல பதிஞ்சா ஹோம்வொர்க்குக்கு நேரம் கூட்டித் தரலாம், டெலிஃபோன் வச்சிருக்க விடலாம். 16 இல இருந்து 19 வயசு வரைக்குமான பர்சரி (உதவிப்பணம்) ஒண்டும் இருக்கு, சில பிள்ளையளுக்கு வருசத்துக்கு 1200 பவுண்ட் வரைக்கும், மற்றவைக்கு பஸ், புத்தகம், ட்ரிப் செலவுக்கு ஸ்கூல் தன்ட முடிவில குடுக்கும். வெக்கப்படாமக் கேளுங்கோ.

மெடிக்கல்_தங்கச்சி

அங்கிள், உங்கட மகனை எங்கட இன்டர்வியூ பனல் கண்டா விடமாட்டினம். உண்மையாச் சொல்லுறன்.

நியூமோல்டன்_இயர்13

எனக்கு தமிழ் டைப் பண்ண கொஞ்சம் மெதுவா வரும், ஆனா இங்க ஒரு ஸ்டூடண்டும் எழுதோணும் எண்டு நினைச்சன். நான் எங்கட ஸ்கூல்ல லீடர்ஷிப் டீம்ல இருக்கிறன். ஹாரோ ஆன்ரி, உங்கட மகளுக்காக எங்கட டேர்ம் எப்பிடிப் போச்சு எண்டு சொல்லுறன்.

செப்டம்பர்ல எங்களுக்கு பெரிய பிளான் எல்லாம் இருந்தது, ஒண்டும் சரிவரேல்ல. பிறகு ஒரு டீச்சர் சொன்னா, முதல்ல போய்க் கேளுங்கோ எண்டு. லஞ்ச் நேரத்தில கன்டீன்ல ஒவ்வொரு மேசையா போய் இயர் 7, 8, 9 பிள்ளையளிட்ட கேட்டம். அதில தெரியவந்த ஒரு விசயம், 2020 இல இருந்து இங்கிலாந்துல ஸ்டேட் ஸ்கூல்ல பீரியட் பாட்ஸ் ஃப்ரீயா கிடைக்க ஸ்கீம் இருக்கு, எங்கட ஸ்கூலும் எடுக்குது, ஆனா அது மெயின் ஒஃபிஸ்ல இருக்கு. சின்னப் பிள்ளையள் ரிசெப்ஷன்ல எல்லாருக்கும் முன்னால கேக்க வெக்கத்தில வீட்டை போயிடுவினம், பாடம் மிஸ் பண்ணுவினம். நாங்கள் அதை எழுதி, ஒரு பக்கம்தான், டெபுட்டி ஹெட்டிட்ட குடுத்தம். சாமானை எடுத்து எறிவினம் எண்டு முதல்ல யோசிச்சவ. நாங்களே ஒவ்வொரு நாளும் பாத்து நிரப்புறம் எண்டு ரோட்டா போட்டுக் காட்டினம். நவம்பர்ல இருந்து டொய்லெட்டுகள்ல பெட்டி இருக்கு. எறியேல்ல ஒருத்தரும். நியூஸ்லெட்டர்ல ஃபோட்டோ போட ஏலாத விசயம், ஆனா எனக்கு இந்த டேர்ம்ல அதுதான் பெரிசு.

இப்ப ஜனவரி தமிழ் மரபு மாசத்துக்கு பொங்கல் அசெம்பிளி செய்யிறம். தமிழ் இல்லாத ஃப்ரெண்ட்ஸ்தான் கோலம் பழகிறதில கூட ஆர்வம்.

ஸ்பீச் பற்றி, உங்கட மகளிட்ட சொல்லுங்கோ, நான் இதைச் செய்வன் அதைச் செய்வன் எண்டு நீளமாச் சொல்ல வேண்டாம். தான் ஏற்கெனவே செய்த ஒரு சின்ன விசயத்தைச் சொல்லி, அதில என்ன பாத்தவ எண்டு சொன்னாப் போதும். ரீடிங் மென்டர் எண்டா, அந்த இயர் 7 பிள்ளை வாசிக்க ஏன் பயந்தது, என்ன மாத்தினவ. அதைக் கேட்டா வோட் போடுவினம்.

ஹாரோ_அம்மா

உங்களுக்கு எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்ல. மகளைப் பக்கத்தில இருத்தி முழுக்க வாசிச்சுக் காட்டினன். அவவோட வாசிக்கிற பிள்ளை ஒண்டு, செப்டம்பர்ல ஒரு வரி வாசிச்சிட்டு நிப்பாட்டுமாம், அதின்ட தம்பிக்கு வாசிச்சுக் காட்டிற மாதிரி குரலை மாத்திச் செய் எண்டு இவ சொல்லப்போய், இப்ப தானே புத்தகம் தெரிஞ்சு கொண்டு வருதாம். இதை இவ்வளவு நாளும் எனக்கே சொல்லேல்ல. ஸ்பீச்சில அதைத்தான் சொல்லப்போறா.

ஈஸ்ட்ஹாம் அண்ணை, மகன் எந்தப் பாடங்கள்?

ஈஸ்ட்ஹாம்_அப்பா

மெத்ஸ், ஃபிசிக்ஸ், எக்கொனொமிக்ஸ், இயர் 12 தங்கச்சி. ஒக்டோபர்ல சீனியர் மெத்ஸ் சலஞ்ச் எண்ட கணக்குப் போட்டி எழுதினவன், 90 நிமிசத்தில 25 கேள்வி, நல்லாச் செய்தவன். நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, இங்கதான் சொல்லுறன்.

சேர், ட்யூட்டரிட்ட எப்ப கதைக்கிறது நல்லம்? நான் போய்க் கதைக்கலாமோ, இல்லாட்டி அவன் கதைக்கோணுமோ? எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு வராது.

கெமிஸ்ட்ரி_சேர்

இப்பவே கதையுங்கோ அண்ணை, லீவு முடிஞ்சு முதல் கிழமையிலயே. ப்ரெடிக்டட் கிரேட் (டீச்சர்மார் எதிர்பாக்கிற கிரேட்) முடிவாகிறது கோடைக்கு முன்னுக்கு பின்னுக்கு, ரெஃபரன்ஸ் இயர் 13 தொடங்கின கையோட எழுதத் தொடங்குவினம், ஒக்ஸ்ஃபோர்ட் கேம்பிரிட்ஜ் எண்டா ஒக்டோபர் 15க்குள்ள எல்லாம் போயிடோணும். நீங்களும் அவனும் சேர்ந்து போங்கோ, ஆனா அவனை மொழிபெயர்க்க விடாதேங்கோ, இந்த ஒருக்கா அவன் தனக்காகக் கதைக்கட்டும். ஸ்கூலுக்கு ஒரு ஈமெயில் போட்டு தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு கேளுங்கோ, ஒழுங்கு செய்யப் பாப்பினம். அந்த ஈமெயில் எழுத வேணுமெண்டா எனக்குப் பிரைவேட் மெசேஜ் போடுங்கோ, நான் எழுதித் தாறன்.